கெட்-ஃப்ளோட்-வேல்யூ இருந்த இடத்தில் பார்ஸ்-ஃப்ளோட் போட்டால் போதுமா?

பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைப் புது பிரௌசரில் ஓட்டினால் கன்சோலில் சிவப்பாக வந்து நிற்கும் எரர்களில் இதுவும் ஒன்று: ‘கெட்-ப்ராப்பர்ட்டி-சிஎஸ்எஸ்-வேல்யூ என்பது ஃபங்ஷன் அல்ல’. எலிமென்டின் ஸ்டைல் மதிப்பைக் கேட்டு வாங்கி, கெட்-ஃப்ளோட்-வேல்யூவால் அதை எண்ணாக எடுக்கும் பழைய வழி அது. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அதை கெட்-ப்ராப்பர்ட்டி-வேல்யூ என்று மாற்று, வரும் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) பார்ஸ்-ஃப்ளோட்டுக்குள் போடு, அதன் தொடக்கத்தில் உள்ள எண்ணை அது எடுத்துத் தரும், முடிந்தது. எரர் போய்விடும் என்பது உண்மைதான். பல இடங்களில் எண்ணும் சரியாகவே வரும். சில இடங்களில் மட்டும் எரர் எதுவும் காட்டாமல் தப்பான எண் வரும். எந்தெந்த இடங்கள், ஏன் என்பதுதான் இங்கே விஷயம்.

(ஃபங்ஷன் பெயர்களைப் படிக்க வசதியாக இடைக்கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். கோடில் அவை ஒட்டித்தான் இருக்கும்.)

முதலில் அந்தப் பழைய ஏற்பாடு என்ன என்று பார்த்துவிடலாம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2000 நவம்பர் 13 அன்று, பக்கத்தை நிரலிலிருந்து கையாளும் டாம் இடைமுகத்துக்கு வெளியிட்ட லெவல் 2 ஸ்டைல் பரிந்துரையில் வந்தது இது. ஸ்டைல் மதிப்பை வெறும் ஸ்ட்ரிங்காகத் தராமல் வகை தெரிந்த ஒரு ஆப்ஜெக்டாகத் தர வேண்டும் என்பது நோக்கம். கெட்-கம்ப்யூட்டட்-ஸ்டைல் தரும் ஆப்ஜெக்டில் கெட்-ப்ராப்பர்ட்டி-சிஎஸ்எஸ்-வேல்யூவை அழைத்து ‘விட்த்’ என்று கேட்டால் ஒரு சிஎஸ்எஸ்-வேல்யூ வரும். ஒற்றை மதிப்பு என்றால் அது சிஎஸ்எஸ்-பிரிமிட்டிவ்-வேல்யூ, பல மதிப்புகள் என்றால் சிஎஸ்எஸ்-வேல்யூ-லிஸ்ட். பிரிமிட்டிவ் வகையில் கெட்-ஃப்ளோட்-வேல்யூவுக்கு ஒரு அலகைக் கொடுத்தால் அந்த அலகில் எண் கிடைக்கும். நிறத்துக்கு கெட்-ஆர்ஜிபி-கலர்-வேல்யூ, ஸ்ட்ரிங்குக்கு கெட்-ஸ்ட்ரிங்-வேல்யூ, கிளிப் போன்றவற்றுக்கு கெட்-ரெக்ட்-வேல்யூ.

அலகுகள் எல்லாம் எண்களாக வரையறுக்கப்பட்டிருந்தன. 0 தெரியாதது, 1 வெறும் எண், 2 சதவீதம், 3 எம் (ஃபான்ட் அளவை ஒட்டிய அலகு), 4 எக்ஸ், 5 பிக்சல், 6 சென்டிமீட்டர் என்று தொடங்கி 14 மில்லிசெகண்ட், 15 செகண்ட், 21 அடையாளச் சொல், 25 ஆர்ஜிபி நிறம் வரை. மொத்தம் 26 மாறிலிகள், பட்டியல் அத்தோடு மூடப்பட்டது. பின்னால் வந்த ரெம், விடபிள்யூ, விஹெச், சிஹெச் அலகுகள் எதற்கும் அதில் எண் கிடையாது. ஸ்டைலிலேயே கணக்குப் போடும் கால்க் வந்தபோது ‘100 சதவீதத்தில் 20 பிக்சல் குறைவு’ என்பதை ஒற்றை எண், ஒற்றை அலகு என்ற அச்சுக்குள் அடைக்க வழியே இல்லை. ஆர்ஜிபி-கலரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருந்தன, ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா இல்லை. சிஎஸ்எஸ் வளர வளர அந்தப் பட்டியல் அதே இடத்தில் நின்றது.

அமலாக்கமும் ஒழுங்காக நடக்கவில்லை. மதிப்பை மாற்றுவதற்கு செட்-ஃப்ளோட்-வேல்யூ என்ற ஃபங்ஷன் விதியில் இருந்தது. ஃபயர்பாக்ஸின் மூல நிரலிலோ அந்த வகுப்பின் பெயரிலேயே ‘படிக்க மட்டும்’ என்பதற்கான ஆர்ஓ ஒட்டிக்கொண்டிருந்தது. எலிமென்டின் சொந்த ஸ்டைலில் கேட்டால் அங்கே ஒன்றும் கிடைக்காது, கெட்-கம்ப்யூட்டட்-ஸ்டைல் வழியாகக் கேட்டால்தான் பதில். குரோம் 2015 மார்ச்சில் வெளிவந்த 41-ஆம் பதிப்பில் இதை நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2018 செப்டம்பரில் 62-ஆம் பதிப்பில் நீக்கியது. சஃபாரியின் எஞ்சினான வெப்கிட் தன் மூல நிரலில் இந்த வகுப்புகளின் பெயருக்கு முன்னால் ‘டெப்ரிகேட்டட்’ (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று சேர்த்து வைத்துக்கொண்டதே தவிர, மற்ற இரண்டிலும் போன பிறகும் நெடுநாள் கைவிடவில்லை.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ‘இந்த ஃபங்ஷன் இருந்தால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய்’ என்று எழுதப்பட்ட பழைய நூலகங்கள் குரோமில் ஒரு கிளையிலும் சஃபாரியில் இன்னொரு கிளையிலும் ஓடும். ‘ஐபோனில் மட்டும் அகலம் தப்பாக வருகிறது’ என்று புகார் வந்தால், லேஅவுட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் இந்த இஃப் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு கிளையையும் எடுத்துவிட்டு ஒரே வழியாக எழுதுவதுதான் சரி.

கோடில் தேடும்போது பிக்சல் மாறிலியின் பெயரைத் தேடிப் பயனில்லை. பலர் மாறிலிக்குப் பதிலாக வெறும் 5 என்று எழுதியிருப்பார்கள். கெட்-ஃப்ளோட்-வேல்யூ, கெட்-ஆர்ஜிபி-கலர்-வேல்யூ, பிரிமிட்டிவ்-டைப், சிஎஸ்எஸ்-வேல்யூ-டைப் ஆகியவற்றைத் தேடுங்கள். மினிஃபை செய்த (அளவு குறையச் சுருக்கிய) கோப்பிலும் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் பிரௌசரின் ப்ராப்பர்ட்டிப் பெயர்களை மினிஃபையர் சுருக்க முடியாது.

சரி, கிடைத்த இடங்களில் என்ன போடுவது? முதலில் அந்த எண் எதற்கு என்று கேட்க வேண்டும். பெட்டி திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் தேவை என்றால் ஸ்டைலைப் படிக்கவே வேண்டாம், கெட்-பவுண்டிங்-கிளையன்ட்-ரெக்ட் போதும். பேடிங், பார்டர், டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் அதில் அடங்கிவிடும். 320 பிக்சல் அகலத்தைப் பாதியாகச் சுருக்கும் ஸ்கேல் போட்டிருந்தால் ரெக்ட் 160 என்று சொல்லும், கம்ப்யூட்டட் ஸ்டைல் 320 என்றே சொல்லும். இரண்டும் சரிதான், கேள்விதான் வேறு. ஆஃப்செட்-விட்த் டிரான்ஸ்ஃபார்மைப் பொருட்படுத்தாது, முழு எண்ணாக ரவுண்ட் செய்துவிடும்.

ஸ்டைல் மதிப்புதான் வேண்டும் என்றால் அது எந்தக் கட்டத்து மதிப்பு என்பது அடுத்த கேள்வி. ஸ்டைல்ஷீட்டில் எழுதியது ஒன்று, அதைக் கணக்கிட்டு வரும் கம்ப்யூட்டட் மதிப்பு இன்னொன்று, லேஅவுட் முடிந்தபின் நிஜமாகப் பயன்படும் மதிப்பு மூன்றாவது. கெட்-கம்ப்யூட்டட்-ஸ்டைல் என்ற பெயரைப் பார்த்து அது இரண்டாவதைத் தரும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ப்ராப்பர்ட்டிக்கு ப்ராப்பர்ட்டி மாறுகிறது. அகலம், உயரம், மார்ஜின், பேடிங் இவற்றுக்கு எலிமென்டுக்குப் பெட்டி இருக்கும்வரை மூன்றாவது கட்டத்துப் பிக்சல் மதிப்பு வரும். அதே எலிமென்டுக்கு டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்துவிட்டால் பெட்டி இல்லை, லேஅவுட் இல்லை, ஆகவே ‘50%’ என்ற ஸ்ட்ரிங் வரும். பார்ஸ்-ஃப்ளோட் அதிலிருந்து 50-ஐ எடுத்துக் கொடுத்துவிடும். 640 பிக்சல் வர வேண்டிய இடத்தில் 50 வந்தால் மெனு ஒடுங்கித் திறக்கும், கன்சோல் காலியாக இருக்கும். மூடியிருக்கும் டேப், அக்கார்டியன், மோடல் மூன்றிலும் வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பழைய கெட்-ஃப்ளோட்-வேல்யூவிடம் இதே சூழலில் பிக்சல் கேட்டிருந்தால், சதவீதத்தைப் பிக்சலாக்க முடியாது என்று இன்வாலிட்-ஆக்சஸ் எரரைத் தூக்கிப் போட்டிருக்கும், குறியீட்டு எண் 15. ‘ஆட்டோ’, ‘நார்மல்’ போன்ற சொற்களுக்கும் அதே கதைதான். எழுத அலுப்பான இடைமுகம் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அது நம்மைக் காப்பாற்றியது. பார்ஸ்-ஃப்ளோட் ‘நார்மல்’ என்ற லைன்-ஹைட்டுக்கு ‘நேன்’ (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பைத் தரும். அதோடு எதைக் கூட்டினாலும் அதே மதிப்புதான். அதைக் கொண்டுபோய் உயரமாக வைத்தால் பிரௌசர் செல்லாத மதிப்பு என்று சத்தமில்லாமல் தள்ளிவிடும். பக்கத்தில் ஒன்றுமே நடக்காது.

ஆகவே மாற்றாக எழுதும் சின்ன ஃபங்ஷன் கறாராக இருக்க வேண்டும். எலிமென்டையும் ப்ராப்பர்ட்டிப் பெயரையும் வாங்கி, ஸ்ட்ரிங்கின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒரு எண், அதன் பின்னே பிக்சலுக்கான இரண்டு எழுத்து, வேறொன்றும் இல்லை என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனால் சரிபார்க்கட்டும். பொருந்தாவிட்டால் ப்ராப்பர்ட்டிப் பெயரையும் வந்த ஸ்ட்ரிங்கையும் சேர்த்து எரர் எறியட்டும். இதை எழுதும்போது ஒரு நுணுக்கம்: எண்ணில் அடுக்குக் குறிக்கும் இடம் விடுங்கள். முழு வட்ட மூலைக்காக பார்டர்-ரேடியஸில் முடிவிலி போட்ட கால்க் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. குரோமில் அதைப் படித்தால் 3.35544, அதன் பின் ஒரு ஈ, +07 என்று வரும். இலக்கமும் புள்ளியும் மட்டும் ஏற்கும் எக்ஸ்பிரஷன் அங்கே விழும்.

பல மதிப்புகளை ஒரே பெயரில் எழுதும் ஷார்ட்ஹேண்டு ப்ராப்பர்ட்டிகளையும் இந்தக் கறார்தான் பிடிக்கும். பழைய ஃபங்ஷனிடம் ‘மார்ஜின்’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற நல் (null) வரும், விதியே அப்படி. இப்போது ‘10 பிக்சல் 20 பிக்சல்’ என்று சேர்த்து ஒரு ஸ்ட்ரிங் வருகிறது. பார்ஸ்-ஃப்ளோட் முதல் 10-ஐ எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இடப்பக்க மார்ஜின் வேண்டும் என்றால் மார்ஜின்-லெஃப்ட் என்றே கேளுங்கள்.

கால அளவில் இருக்கும் பள்ளம் இன்னும் ஆழமானது. டிரான்ஸிஷன்-டியூரேஷனை 300 மில்லிசெகண்ட் என்று எழுதினாலும் கம்ப்யூட்டட் ஸ்டைல் அதை ‘0.3 எஸ்’ என்று செகண்டில்தான் சொல்லும். வெப்கிட் வழி வந்த பிரௌசர்களில் பழைய கோடு 14 என்ற அலகைக் கொடுத்துக் கேட்டால் மாற்றிய 300 கையில் வரும். அந்த வரியில் வெறும் பார்ஸ்-ஃப்ளோட் போட்டால் 0.3. அதைச் செட்-டைம்அவுட்டுக்குக் கொடுத்தால் அனிமேஷன் தொடங்கும் முன்பே எலிமென்ட் நீக்கப்பட்டுவிடும். ஆயிரத்தால் பெருக்குங்கள். அதற்கு முன் மதிப்பில் கமா இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ‘0.3 எஸ், 1 எஸ்’ என்று பட்டியலாகவும் வரலாம். பல இடங்களில் இதைவிட டிரான்ஸிஷன்-எண்ட் நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருப்பதே மேல்.

பட்டியல் என்றவுடன் கமாவில் ஸ்ப்ளிட் செய்யத் தோன்றும். டியூரேஷனுக்கு அது போதும். வேகம் மாறும் விதத்தைச் சொல்லும் டைமிங்-ஃபங்ஷனுக்கு ஆகாது, க்யூபிக்-பெஸியரின் அடைப்புக்குறிக்குள்ளேயே மூன்று கமா இருக்கிறது. எழுத்தெழுத்தாகப் போய், அடைப்புக்குறி திறந்தால் ஒரு எண்ணைக் கூட்டி, மூடினால் குறைத்து, அது பூஜ்யமாக இருக்கும்போது வரும் கமாவில் மட்டும் வெட்டுங்கள். மேற்கோள் குறிக்குள் வரும் கமாவையும் விட்டுவிடுங்கள், ஃபான்ட்-ஃபேமிலியில் அதுவும் வரும்.

நிறத்துக்கு வருவோம். பழைய வழியில் ஆர்ஜிபி ஆப்ஜெக்டை எடுத்து, அதன் சிவப்பிடம் அலகு 1 கொடுத்து எண் கேட்பார்கள். இன்று கம்ப்யூட்டட் ஸ்டைல் ‘ஆர்ஜிபி 255, 0, 0’ என்ற வடிவில் ஒரு ஸ்ட்ரிங் தரும், அதில் எண்களை மட்டும் பொறுக்கினால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலான மாற்றுக் கோடுகள் எழுதப்பட்டன. முதல் இடறல், பின்னணி நிறமே கொடுக்காத எலிமென்ட். அங்கே ‘ஆர்ஜிபிஏ 0, 0, 0, 0’ வரும். முதல் மூன்று எண்ணை மட்டும் எடுத்தால் கறுப்பு. பின்னணி கறுப்பு என்று நம்பி எழுத்தை வெள்ளையாக்கும் கோடு, வெள்ளைப் பக்கத்தில் எழுத்தையே மறைத்துவிடும்.

இரண்டாவது இடறல் புதியது. கலர்-மிக்ஸ் கொண்டு, வழக்கமான நிற வெளியான எஸ்ஆர்ஜிபியில் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் கம்ப்யூட்டட் மதிப்பு ‘கலர் எஸ்ஆர்ஜிபி 0.5 0 0.5’ என்று வரும். எண்கள் 0 முதல் 1 வரை. பழைய கோடு அதை 0 முதல் 255 வரையிலான அளவு என்று எடுத்துக்கொண்டால் ஊதா கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். ஓகேஎல்சிஹெச், லேப் போன்ற வேறு நிற முறைகளில் எழுதியவை அந்தந்த வடிவிலேயே திரும்பி வரும், அவற்றில் மூன்று எண்களின் அர்த்தமே வேறு. எல்லா வடிவத்துக்கும் நாமே கணக்கு எழுதுவது வீண் வேலை. 1க்கு 1 பிக்சல் கேன்வாஸ் ஒன்றை உருவாக்கி, ஃபில்-ஸ்டைலில் அந்த ஸ்ட்ரிங்கை வைத்து, ஒரு கட்டத்தை நிரப்பி, கெட்-இமேஜ்-டேட்டாவில் நான்கு பைட்டைப் படித்தால் பிரௌசரே மாற்றிக் கொடுத்துவிடும். இரண்டு குறைகள் தெரிந்திருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே உள்ள நிறங்கள் ஓரத்தில் வெட்டப்படும். ஆல்ஃபா மிகக் குறைவாக இருந்தால் நிறத்தின் துல்லியம் தேயும், ஏனென்றால் கேன்வாஸ் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கித்தான் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும் முன்னும் கட்டத்தை கிளியர் செய்யாவிட்டால் முந்தைய நிறத்தின் மேல் புதியது படியும்.

டிரான்ஸ்ஃபார்மை எண் எண்ணாகப் பிய்க்க வேண்டாம். கம்ப்யூட்டட் ஸ்ட்ரிங்கை அப்படியே டாம்-மேட்ரிக்ஸ் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்து ஈ, எஃப் என்ற இரண்டில் நகர்வைப் படித்துக்கொள்ளுங்கள். ‘நன்’ என்று வந்தாலும் அது மாற்றமில்லாத மேட்ரிக்ஸாக எடுத்துக்கொள்ளும்.

இனி, பழைய இடைமுகத்தின் வாரிசு என்று சொல்லத்தக்க டைப்ட் ஓஎம். குரோமில் 2018 ஏப்ரலில் 66-ஆம் பதிப்பிலும், சஃபாரியில் 2023 மார்ச்சில் 16.4-லும் வந்தது. ஃபயர்பாக்ஸ் இதில் வெகுவாகப் பின்தங்கியதால், பொதுமக்களுக்கான தளத்தில் இதை மட்டும் நம்பி எழுதுவது சரியில்லை. இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எலிமென்டில் கம்ப்யூட்டட்-ஸ்டைல்-மேப்பை அழைத்து கெட் செய்தால் சிஎஸ்எஸ்-யூனிட்-வேல்யூ கிடைக்கும், அதில் மதிப்பு ஒரு எண், அலகு ஒரு ஸ்ட்ரிங். அலகை மாறிலி எண்ணாக்காமல் ஸ்ட்ரிங்காகவே வைத்ததால் நாளை புது அலகு வந்தாலும் பட்டியலைத் திறக்க வேண்டியதில்லை. கால்க்குக்கு சிஎஸ்எஸ்-மேத்-சம் என்று தனி வகை, சொற்களுக்கு சிஎஸ்எஸ்-கீவேர்ட்-வேல்யூ. 2000-இல் விட்ட ஓட்டைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றன.

ஆனால் இதை நேரடி மாற்று என்று நினைத்தால் அகலத்திலேயே சறுக்கும். இது தருவது நிஜமான கம்ப்யூட்டட் மதிப்பு. அகலம் 50 சதவீதம் என்று எழுதியிருந்தால், பெட்டி திரையில் இருந்தாலும் மதிப்பு 50, அலகு ‘பெர்சென்ட்’ என்றே வரும். லேஅவுட் முடிந்த பிக்சல் இங்கே கிடைக்கவே கிடைக்காது. வந்தது யூனிட்-வேல்யூதானா என்று இன்ஸ்டன்ஸ்-ஆஃப் கொண்டு பார்க்காமல் மதிப்பைத் தொட்டால், கால்க் வந்த இடத்தில் அன்டிஃபைன்ட் வரும்.

அலகு மாற்றத்திலும் எல்லை உண்டு. 1 இன்ச்சை பிக்சலாக்கச் சொன்னால் 96 தரும், அது நிலையான விகிதம். எலிமென்டின் சொந்த ஸ்டைலில் இருந்து எடுத்த 2 எம்மைப் பிக்சலாக்கச் சொன்னால் டைப்-எரர். எந்த ஃபான்ட் அளவை வைத்து மாற்றுவது என்று அந்த ஆப்ஜெக்டுக்குத் தெரியாது, தான் எந்த எலிமென்டைச் சேர்ந்தது என்ற நினைவு அதற்கு இல்லை. பழைய பிரிமிட்டிவ்-வேல்யூவை எம்மோடு விட்டால் அதற்கும் இதே கதிதான். எம்மைப் பிக்சலாக வேண்டும் என்றால் கம்ப்யூட்டட் பக்கம் போய்க் கேளுங்கள், அங்கே பேடிங் ஏற்கெனவே பிக்சலாகியிருக்கும்.

வேரியபிள்களில் மட்டும் அப்படி ஆகியிருக்காது. இரட்டைக் கோடு போட்டுத் தொடங்கும் கஸ்டம் ப்ராப்பர்ட்டியில் 2 எம் என்று எழுதினால், கம்ப்யூட்டட் ஸ்டைலிலும் ‘2 எம்’ என்ற எழுத்துகளாகவே இருக்கும். பிரௌசரைப் பொறுத்தவரை அது நீளமே அல்ல. அட்-ப்ராப்பர்ட்டி விதியில் அதன் சின்டாக்ஸ் நீளம் என்று பதிவு செய்தால்தான் பிக்சலாக்கித் தரும். குரோம் 85, சஃபாரி 16.4, ஃபயர்பாக்ஸ் 128 முதல் இது மூன்றிலும் உண்டு.

முடிவில் வரும் பின்னங்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். 100 பிக்சலில் மூன்றில் ஒரு பங்கை குரோம் 33.3281 என்று சொல்லும், ஏனென்றால் அதன் லேஅவுட் ஒரு பிக்சலை 64 கூறாகப் பிரித்து அதற்குக் கீழே வெட்டிவிடுகிறது. ஃபயர்பாக்ஸ் 60 கூறாகப் பிரிப்பதால் 33.3333 வரும். பழைய கோடில் வேறொரு வகைக் கசடு இருந்தது. கெட்-ஃப்ளோட்-வேல்யூ 32 பிட் ஃப்ளோட் என்பதால் 0.1 ஒளிபுகும் அளவு 0.10000000149011612 என்று வரும், அதைத் துடைக்க மேத்-ரவுண்ட் வரிகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டிருப்பார்கள். இப்போது அந்த வரிகளை எடுத்துவிடலாம்.

கோடுகளாலும் வடிவங்களாலும் படம் வரையும் எஸ்விஜி பக்கம் இரண்டு விஷயம். எஸ்விஜி 1.1-இல் இருந்த எஸ்விஜி-பெயின்ட், எஸ்விஜி-கலர் இரண்டும் சிஎஸ்எஸ்-வேல்யூவின் வாரிசுகள், எஸ்விஜி 2-இல் அவையும் போய்விட்டன. ஃபில்லின் பெயின்ட்-டைப்பைப் படிக்கும் கோடு இருந்தால் கம்ப்யூட்டட் ஸ்ட்ரிங்கைப் படித்து, ‘நன்’ என்பதா, யூஆர்எல்லில் தொடங்குகிறதா, நிறமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். யூஆர்எல்லுக்குப் பின்னால் மாற்று நிறம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஸ்விஜி-லெங்த் மட்டும் வேறு ஜாதி, அதைத் தொடாதீர்கள். அதிலும் 0 முதல் 10 வரை இதே வரிசையில் இதே எண்கள், பிக்சலுக்கு அங்கேயும் 5. அதனால் தேடும்போது குழப்பும். ஆனால் அது எலிமென்டோடு கட்டுண்டிருக்கிறது, எம்மைக் கூடப் பிக்சலாக்கிக் கொடுக்கும், இன்றும் எல்லா பிரௌசரிலும் இருக்கிறது.

சர்வர் பக்கம் ஜாவா கோடில் இதே பெயர்களைப் பார்த்தாலும் அவசரப்பட வேண்டாம். டபிள்யூ3சியின் அந்த இடைமுகங்கள் ஜாவா நிரல் எழுதும் கருவித் தொகுப்பான ஜேடிகேயின் எக்ஸ்எம்எல் டாம் மாட்யூலில் இன்னும் இருக்கின்றன. எஸ்விஜியைப் படமாக்கும் பாட்டிக் போன்ற நூலகங்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. பிரௌசர்கள் கைவிட்டதால் அங்கே எதுவும் உடையாது.